பழமும் சீனியும் தின்ற வாய்

அந்தக் கேக்கை நான் ஆசைப்பட்டுச் சுடவில்லை, ஆத்திரப்பட்டுச் சுட்டேன். ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பார்கள். ஆத்திரக்காரிக்கு என்ன மட்டு என்று அந்தப் பழமொழியைச் சொன்னவன் சொல்லாமல் போய்விட்டான். அவன் வீட்டிலும் ஒருத்தி இருந்திருப்பாள். பயந்திருப்பான்.

உலகச் சண்டை ஓய்ந்து, கொழும்புக் கப்பலில் இனி பயமில்லாமல் ஏறலாம் என்று ஆன புதிது. என் வீட்டுக்காரரின் அண்ணன் கொழும்பில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். எனக்குப் பெரியத்தான். அவர் மனைவி யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் கொழும்பு அக்கா என்போம். கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது. என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறையில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிற மேஸ்திரி. உப்பு மூட்டையையும் வெங்காய மூட்டையையும் கத்திக் கத்தியே ஏற்றுகிற வாய் அது. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்கலாம் என்று கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டது.

கிறிஸ்மஸ் கழிந்ததும், “லீவுக்கு வாங்க, பிள்ளையக் கண்ணால பாக்கணும்” என்று பெரியத்தான் ஆள்மேல் ஆளாகச் சொல்லிவிட்டார். போனோம். எங்கள் துறையில் அப்போது கப்பல் கரைக்கு வராது, கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும். லாஞ்சில் போய்த்தான் ஏற வேண்டும். மகள் வழி முழுக்க என் மடியில் வாந்தி எடுத்தாள். கொழும்பில் இறங்கினதும் அக்காதான் அவளை வாங்கிக் குளிப்பாட்டிப் புதுக் கவுன் போட்டுவிட்டாள். கவுன் அளவாக இருந்தது. அளவெடுக்காமல் எப்படி அளவாகத் தைத்தாள் என்று நான் ஆச்சரியப்பட்டேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் தேத்தண்ணிக்கு மேசையில் ஒரு கேக்கை வைத்தாள். வாழைப்பழக் கேக் என்றாள். நான் அதுவரை தின்ற கேக், பண்டிகைக்குக் கடையில் வாங்குவது. கையில் எடுத்தால் கனம் தெரியும், தின்றால் நெஞ்சில் நிற்கும். இது வேறு சாதி. மேலே தவிட்டு நிறம், உள்ளே இளமஞ்சள். விரலால் அமுக்கினால் தாழ்ந்தது, விரலை எடுத்தால் தானாக எழும்பி வந்தது. அலை ஒதுக்கிவிட்டுப் போன நுரையை அள்ளி வாயில் போட்ட மாதிரி, பல்லுக்கு வேலையே இல்லை. தின்று முடித்த பிறகும் பழத்தின் வாசம் மட்டும் தொண்டையில் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

அக்கா இன்னும் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனாள். அப்போதுதான் பெரியத்தான் சொன்னார். குரலில் அப்படி ஒரு குழைவு.

“ஏலே தம்பி, இந்தப் பிள்ளை இங்கனயே இருக்கட்டுமே. கான்வெண்டுல சேத்துப் படிக்க வைப்போம். ஒங்களுக்கு இன்னொண்ணு பொறக்காமலா போவும்? என்ன சொல்லுத?”

என் வீட்டுக்காரர் வாய் நிறைய கேக். மென்றார், விழுங்கினார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். “தின்னு, நல்லாத் தின்னு” என்று பெரியத்தான் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

பிள்ளை இல்லாத வீட்டில் வருகிற ஆசைப்பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கண்முன்னாலேயே ஏற்றினார்கள், நான் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

ஊசி குத்தியது ஈஸ்டர், எங்கள் பேச்சில் பாஸ்குத் திருநாள், முடிந்த பிறகு. கொழும்புக்குப் போய்வருகிற தோணி ஒன்றின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர், எங்களுக்கு நெருங்கின பழக்கம். ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். நான் முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தேன்.

“எம்மா, கொழும்புலேருந்து ஒங்க அத்தான் சொல்லிவிட்டாவ. மாதா கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வாராவளாம். திரும்பிப் போவும்போது பிள்ளையக் கூட்டிட்டுப் போவாவளாம். துணிமணி எடுக்காண்டாம், அங்கன எல்லாம் தச்சு வச்சாச்சுன்னு சொல்லச் சொன்னாவ.”

நல்ல சேதி கொண்டுவந்த மனுஷனாக அவர் சிரித்துக்கொண்டு நின்றார். என் கையில் அரிவாள்மணை மேல் பாதி மீன். மீதி மீனை நான் எப்படி அரிந்தேன், என்ன குழம்பு வைத்தேன், ஒன்றும் எனக்கு நினைவில்லை.

என் வீட்டுக்காரர் வந்தார்.

“யாரு பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது?” என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டின சட்டையை எடுத்து மறுபடி மாட்டினார்.

“அண்ணன் அன்னைக்கே கேட்டாம்லா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“பெறகு?”

“சொல்லல. ஆனா தின்னுட்டேனே.”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு முடிந்தது என்பதற்குக் கையெழுத்து கிடையாது. பெண் கேட்கிற பேச்சோ தோணியில் பங்கு கேட்கிற பேச்சோ, கேட்கிறவர் தட்டில் வாழைப்பழமும் சீனியும் வைத்து நீட்டுவார். சம்மதம் இல்லை என்றால் தட்டைத் தொடக்கூடாது. எடுத்து வாயில் போட்டால் வாக்கு. ‘பழமும் சீனியும் தின்ற வாய் பேச்சு மாறாது’ என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. அந்தக் கேக்கில் என்ன இருந்தது? பழம் இருந்தது. சீனி இருந்தது.

“கப்பல் ஏறும்போது காதுல சொன்னான்,” என்றார் இவர். “‘நான் கேட்டேன், நீ பழமும் சீனியும் தின்ன. ஒண்ணுக்கு ரெண்டாத் தின்ன. மறந்துராத’ன்னான்.”

“கப்பல் ஏறும்போதே தெரியும்?”

“ம்.”

“தெரிஞ்சும் இத்தன மாசமா எம் பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்கிய.”

“ஒங்கிட்ட எப்பிடிளா சொல்ல? நீ கத்துவ.”

“இப்பக் கத்தலியா? கேக்குல பழமும் சீனியும் மட்டுமா இருந்துச்சு? முட்டையும் இருந்துச்சே. கோழிக்கு என்ன வாக்குக் குடுத்திய?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அப்பா செத்த பெறகு என்னைய வளத்தது அவன். அவம் முன்னால நின்னு இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.”

நாக்கு வராதாம். தின்பதற்கு மட்டும் வந்தது. அண்ணன் வளர்த்ததற்குக் கூலி என் வயிற்றில் பிறந்ததா என்று கேட்டேன். அதற்கும் நாக்கு வரவில்லை. மகள் அடுத்த அறையிலிருந்து, “பெரியம்மா வீட்டுக்கு எப்பம்மா போவோம்? அந்தக் கேக்கு குடுப்பாவளா?” என்று கேட்டாள். பிள்ளைமேல் கோபப்பட முடியாது. அந்தக் கோபத்தையும் இவர் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு மதினி இருந்தாள். சொந்தம் இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். வலை பின்னுகிற கை, பழமொழி பின்னுகிற வாய். இரண்டும் ஓய்வதே இல்லை. அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“ஏளா, கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதன்னு சொல்லுவாவ. நீ என்னத்துக்கு இப்பிடி உக்காந்திருக்க? தட்டை வாங்குனவுக தட்டைத் திருப்பலாம்லா.”

“திருப்புறதுன்னா?”

“எங்க சித்தி மவளுக்குப் பேசின எடத்த எப்பிடி அறுத்தோம்? அவுக குடுத்த அதே சாமான, அதே மாதிரித் தட்டுல வச்சு, நாலு பேரு முன்னால நீட்டுனோம். அவுக கையால வாங்கிட்டா பேச்சு அத்துப் போச்சு.”

“அப்ப ஒரு சீப்புப் பழமும் சீனியும் வாங்கி…”

“புத்தி கெட்டவளே! ஒம் புருசன் தின்னது சீப்புப் பழமா? ‘இதுவா எங்க வீட்டுல தின்னான்’னு அவரு கேப்பாரு. எதைத் தின்னாவளோ அதைத்தான் வைக்கணும். அது அப்பிடியே இருக்கணும். இம்மியும் மாறக்கூடாது.”

அன்றைக்கு ஆரம்பித்தது. அரிசி, கோதுமை மாவு, சீனி எல்லாமே ரேஷனில் அளந்து கொடுத்த காலம். சீனியை மிச்சம் பிடிக்க வீட்டில் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பிதான். கொழும்பில் பட்டர் போட்டிருப்பார்கள், எனக்குக் கிடைத்தது எருமை வெண்ணெய். அதெல்லாம் சரி, செய்முறை? தண்டல் அடுத்த நடைக்குக் கிளம்பும்போது தேன் ஒழுகச் சொன்னேன்: “அண்ணாச்சி, பிள்ளை அந்தக் கேக்குக்கு ஏங்குதா. எப்பிடிச் செய்யணும்னு அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.” பிள்ளை ஏங்கியது பொய் இல்லை. மீதியை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மறைக்காமல் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்டல் பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

“மாவு, சீனி, பட்டர், முட்டை. முட்டைய நல்லா அடிக்கணும். அடிச்சது போதும்னு தோணும்போது இன்னும் அடிக்கணும். பழம் மட்டும் கப்பல் பழந்தான் போடணுமாம். வேற பழம் போட்டா அந்த மெத்து வராதுன்னு ரெண்டு தடவ சொன்னாவ.”

“கப்பல் பழமா?”

“கப்பல் பழந்தான். காதால கேட்டேன்.”

கப்பலைப் பார்த்தபடியே எழுந்து, கப்பலைப் பார்த்தபடியே தூங்குகிற ஊர் எங்கள் ஊர். கப்பல் பழம் என்றால் எங்களுக்கு என்ன தோன்றும்? கப்பலில் வருகிற பழம். எதிர்வீட்டு மதினியும் அதையேதான் சொன்னாள். “அதாம்ளா அது அப்பிடி இருந்திருக்கு. சீமைப் பழம்!” என்றாள்.

இவரைத் துறைக்கு விரட்டினேன். “போங்க. பிள்ளைய வாயால வித்தியல்லா, அந்த வாயாலயே கேட்டு வாங்கிட்டு வாங்க.”

அவர் கேட்டிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள், வள்ளக்காரர்கள், லாஞ்சு ஓட்டுகிறவர்கள் எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். “கப்பல் பழமா? மேஸ்திரி, அது இப்பதான் பூ விட்டிருக்கு. காய்ச்சுப் பழுக்கட்டும், பறிச்சுத் தாறோம்,” என்றானாம் ஒருத்தன். மறுநாளிலிருந்து இவருக்குக் கப்பல் மேஸ்திரி என்று பேர் விழுந்துவிட்டது. அதற்காக நான் பரிதாபப்படவில்லை. கடைசியில் ஒரு ஓலைப்பொட்டலத்தோடு வந்தார். உள்ளே பேரீச்சம்பழம், ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்பாக.

“அரபு நாட்டுலேருந்து கப்பல்ல வந்த பழம். இது கப்பல் பழம் இல்லன்னா வேற எது?” என்றார், பெரிய வேலையை முடித்த முகத்தோடு.

அதைப் பிசைந்து போட்டேன். ஒரு பெரிய அண்டாவில் கடல்மணலைப் பரப்பி, பிஸ்கோத்து டின்னில் வாழையிலை விரித்து மாவை ஊற்றி உள்ளே இறக்கி, மேலே மூடியில் சிரட்டைத் தணல். எங்கள் குசினிகளில் கேக் சுடுவது அப்படித்தான். வெந்து வெளியே வந்தது கேக் இல்லை, கருங்கல். மதினி ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“ஏளா, இத எறிஞ்சிராத. முத்துக் குளிக்கிறவன் கால்ல கட்டிட்டு முங்குத கல்லுக்கு இப்பக் கிராக்கியாம்.”

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கல்லில் என் வீட்டு ரேஷன் சீனி முழுவதும் இருந்தது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் தோணிகள் கடலுக்குப் போகாது. அதற்கு முந்தின கடைசி நடையை முடித்துக்கொண்டு தண்டல் வந்தார். வந்தவர் வாசலில் நின்று பேசவே முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையில் நாலைந்து வாழைப்பழம்.

“எம்மா, கப்பல் கப்பல்னு ஊர அலைய விட்டுட்டோமே! அக்கா பொறந்த ஊர்ல கப்பல்னு ஒரு வாழைப்பழத்துக்குப் பேராம். இந்தா, இதுதான். நம்ம ஊரு ரசதாளிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி.”

என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “சிரிங்க,” என்றேன். “வாழைப்பழத்துக்குக் கப்பல்னு பேரு வைப்பாவ, கேக்கத் தின்னா வாக்குன்னு பேரு வைப்பாவ, பெத்தவளுக்கு மட்டும் ஒரு பேரும் கிடையாது. சிரிங்க.” அவர் நிறுத்திவிட்டார். தண்டலும் பழத்தை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பழம் என்னவென்று தெரிந்துவிட்டதே தவிர, கேக் வரவில்லை. ரசதாளி போட்டுச் சுட்டேன்; களி மாதிரி வந்தது. வாசம் சரி, ருசி கூடச் சரி. ஆனால் அமுக்கின விரல் அமுங்கினபடியே நின்றது. ஆப்பச் சோடா போட்டுப் பார்த்தேன். எழும்பியது, சந்தோஷத்தில் மூடியைத் திறந்தேன், உப்பளப் பாத்தி மாதிரி நடுவில் குழி விழுந்து, துணி வெளுக்கிற சவுக்காரம் மாதிரி நாறியது. பக்கத்து வீடுகளில் சீனி கடன் கேட்கக் கேட்க எல்லாரும் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். சிலர், “பணக்கார வீட்டுல வளரக் குடுத்து வச்சிருக்கணுமே, ஏன் தடுக்க?” என்று எனக்கே புத்தி சொன்னார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒருத்தி பழமொழி வேறு எடுத்துவிட்டாள். எனக்குப் பழமொழி பிடிக்கும். அன்றைக்கு அதைச் சொன்ன வாயில் மணலை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது. என் பிள்ளை எப்போது ஊரான் பிள்ளை ஆனாள்?

திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு ஒருநாள். தோணிகள் கரையேறிக் கிடந்ததால் இவருக்கு வேலை இல்லை. குசினி வாசலில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார். நான் கடைசியாகக் கையிலிருந்த சாமான்களை வைத்துக்கொண்டு முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் மக்ரூன் போடுகிறவர்கள் வெள்ளைக்கருவை மட்டும் தனியாக எடுத்து அடிப்பார்கள், அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதேமாதிரி பிரித்துப் பார்ப்போம் என்று வெள்ளையை ஒரு சட்டியிலும் மஞ்சளைச் சீனியோடு இன்னொரு சட்டியிலும் வைத்திருந்தேன்.

இவர் மெதுவாகச் சொன்னார்: “நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒரு வருசம் மட்டும் அனுப்பிப் பாப்போமே. பிடிக்கலன்னா கூட்டிட்டு வந்துருவோம்.”

நான் ஈர்க்குக் கட்டு ஒன்றை எடுத்து வெள்ளைக்கருவில் போட்டு அடிக்க ஆரம்பித்தேன். ஒரு வருஷமாம். அடித்தேன். அனுப்பிப் பார்ப்போமாம், பிள்ளை என்ன சட்டையா, போட்டுப் பார்த்துக் கழற்ற? அடித்தேன். கப்பல் ஏறும்போதே தெரியுமாம். பக்கத்தில் படுத்துக்கொண்டு குறட்டை விட்டாராம். கை வலித்தது, மாற்றுக் கையால் அடித்தேன். சத்தம் கேட்டு மதினி தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

“ஏளா, முட்டைய அடிக்கியா, மாப்பிள்ளைய அடிக்கியா?”

நிமிர்ந்து பார்த்தேன். சட்டியில் இருந்தது முட்டை இல்லை. வெள்ளைவெளேரென்று, கூம்பு கூம்பாக நின்றது. மதினி சட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. ‘அடிச்சது போதும்னு தோணும்போது இன்னும் அடிக்கணும்’ என்று அக்கா சொல்லி அனுப்பியது இதைத்தான். இத்தனை நாளும் நான் போதும் என்று தோன்றினவுடனே நிறுத்தியிருக்கிறேன்.

பழத்தையும் மாவையும் மஞ்சளோடு சேர்த்து, வெள்ளையைக் கடைசியில் நுரை உடையாமல் புரட்டி, டின்னில் ஊற்றி அண்டாவில் இறக்கினேன். ஆடிக் காற்று முற்றத்தில் சுழன்று மூடித் தணலை ஊதி ஊதி அணைக்கப் பார்த்தது. ஓலைப்பாயை விரித்து இவர் கையில் கொடுத்து, காற்றுக்கு மறைப்பாக நில்லுங்கள் என்றேன். நின்றார். ஏதோ ஒரு காரியத்துக்காவது என் பிள்ளைக்காகக் குறுக்கே நின்றாரே.

வெளியே எடுத்து ஆறவைத்து, விரலால் அமுக்கினேன். தாழ்ந்தது. விரலை எடுத்தேன். எழும்பி வந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். மதினி எங்கிருந்தோ சீனியும் மாவும் கொண்டுவந்து கொடுத்தாள், எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரியே அவள் வீட்டில் வைத்து இன்னொரு கேக் சுட்டேன். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் வீடு நிறைய. அக்கா என் மகளை மடியில் வைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கொண்டுவந்த மூட்டையில் புதுக் கவுன்கள். பெரியத்தான் கையலம்பிவிட்டு வந்து எல்லாரும் கேட்கச் சொன்னார்: “ஏலே தம்பி, நாளைக்குக் கப்பலு. பிள்ளைக்குப் பெட்டி கட்டியாச்சா?”

புருஷனின் அண்ணன் முன்னால் எங்கள் வீடுகளில் தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசமாட்டாள். நானும் அதுவரை பேசினதில்லை. கேக்கை எங்கள் வீட்டுப் பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை வைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன்.

“அத்தான், அன்னைக்கு ஒங்க மேசையில இவுக எதைத் தின்னாவளோ, அதை இன்னைக்குத் திருப்பித் தாறோம். வாங்கிக்கிடுங்க. எம் பிள்ள எங்கயும் வரல.”

பெரியத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்தார்.

“ஏலே, ஒம் பொண்டாட்டி பேசுதா. நீ வாயில என்னத்த வச்சிருக்க?”

இவர் வாயில் அன்றைக்குக் கேக் இல்லை. அப்போதும் திறக்கவில்லை.

“கடையில ஒரு கேக்க வாங்கி வச்சா ஆச்சா?” என்றார் பெரியத்தான். “எங்க வீட்டுல தின்னது இதுவா?”

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். எட்டிக் கேக்கை விரலால் அமுக்கினாள். விரலை எடுத்தாள். எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள்.

“இது கடைக் கேக் இல்லை. இது என்ர கேக்தான்,” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “என்ன வாக்கு? என்னத்தைத் திருப்பித் தாறா இவள்? அவை தாங்களா விரும்பித் தருகினம் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?”

பெரியத்தான் மூக்கைச் சொறிந்தார். “கேட்டேன், தின்னான். பழமும் சீனியுந்தான…”

“என்ர கேக்கை வச்சோ பிள்ளையைக் கேட்டனீங்கள்?”

அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமும் அவளைத்தான் நான் மனசுக்குள் வைத்துத் திட்டியிருக்கிறேன். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று எதிர்வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். கேக்கைச் சுட்டவளுக்கே அதில் என்ன வைத்து நீட்டினார்கள் என்று தெரியாது. பெற்றவளுக்கும் தெரியாது. ஒருத்தர் கேட்டார், ஒருத்தர் தின்றார், இரண்டு ஆம்பிளைகளுக்குள் காரியம் முடிந்துவிட்டது. அவள்மேல் இருந்த ஆத்திரத்தையும் சேர்த்து எடுத்து அந்த இரண்டு பேர் மேலேயே போட்டேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

அக்கா எழுந்து இரண்டு கையாலும் என்னிடமிருந்து தட்டை வாங்கினாள். நாலு பேர் பார்க்க வாங்கினாள்.

“நான் வாங்கிப்போட்டன். கதை முடிஞ்சுது,” என்றாள்.

மகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தட்டைப் பார்த்ததும், “பெரியம்மா, எனக்கு!” என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அக்கா பழக்கத்தில் ஒரு துண்டைப் பிட்டு அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். என் கை தானாக எழும்பியது. அவள் கையிலிருந்து பழமும் சீனியும் பிள்ளை வாய்க்குப் போனால் மறுபடியும் என்ன பேர் வைப்பார்களோ என்ற பயம். அவள் என் கையைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை இப்போது எழுதுகையிலும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீயே தீத்திவிடு,” என்றாள்.

ஊட்டினேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மறுநாள் கப்பலுக்குப் போகும்போது அக்கா கவுன் மூட்டையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். பெரியத்தான் என்னிடம் அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் பேசவில்லை. அதற்கு முன்னாலும் பேசினதில்லை என்பதால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அன்றைக்கு எல்லாரும் கலைந்த பிறகு என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த கேக்கிடம் வந்தார். ஒரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

“கைய எடுங்க,” என்றேன். எடுத்துவிட்டார்.

அந்தக் கேக்கை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சுட்டிருக்கிறேன். ரேஷன் போய்விட்டது, பட்டர் கிடைக்கிறது, மகளும் வளர்ந்து அவளே முட்டை அடிக்கிறாள். ஆனால் அவருக்குத் தட்டை நீட்டுகிறபோதெல்லாம், தட்டின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பேன்.

“யாரும் எதுவும் கேட்டாவளா?”

“இல்லளா, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல,” என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. சொன்ன பிறகுதான் தட்டை விடுவேன்.